எதிர்பாராமல் அப்பாவாகும் கதை: மும்பைத் தமிழ்ப் பின்னணியில் திரைக்கதை எழுத முழுமையான வழிகாட்டி

இளவயதில் விந்து தானம் செய்தவன், பல வருஷம் கழித்துத் தன் ரத்தத்தில் பிறந்த பிள்ளையைச் சந்திக்கிறான். மும்பையில் திரைக்கதை எழுதிப் பார்க்கும் தமிழ் இளைஞர்கள் இந்த ஒன்லைனோடு அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலான பிரதிகள் ஒரே இடத்தில்தான் படுத்துக்கொள்கின்றன. முதல் முப்பது பக்கம் ஆய்வக அறையை வைத்து ஜோக், அதோடு சரக்கு தீர்ந்துவிடுகிறது. மிச்சம் எண்பது பக்கமும் அழுகை.

காரணம், வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதுதான். இந்தக் கதையைத் தானம் கொடுத்தவனிடமிருந்து கட்டக் கூடாது, பிள்ளையிடமிருந்து கட்ட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே. ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் ஆட்டம் காணும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரதி ஒன்று. அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய சட்டம் இல்லை, ஒரு மாலையில் படித்துவிடலாம்.

கருத்தரிப்பு மையத்தில் வேலை செய்யும் ஆய்வக டெக்னீஷியன் ஒருவரோடு பேச்சு. டாக்டரைவிட டெக்னீஷியன்தான் உங்களுக்கு உதவுவார். விந்து மாதிரி இருக்கும் கப்பை யார் வாங்குகிறார், எங்கே வைக்கிறார், அந்த நேரத்தில் யார் முகத்தை யார் பார்ப்பதில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நோயாளிகளின் பெயரோ விவரமோ கேட்காதீர்கள்.

மூன்றாவது, ஒரு பெரிய வெள்ளைத் தாளில் வருஷக் கட்டம். இரண்டாம் படியில் தேவைப்படும்.

இதே கதைக் கருவில் 2011-ல் கனடாவின் கியூபெக்கிலிருந்து 'ஸ்டார்பக்' என்ற படம் வந்தது, 2012-ல் டெல்லியை வைத்து இந்தியில் 'விக்கி டோனர்', 2020-ல் தமிழில் 'தாராள பிரபு'. மூன்றையும் பார்த்துவிடுங்கள். எந்தக் காட்சியெல்லாம் மக்கள் மனதில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அதிலிருந்து விலகி எழுத முடியும்.

1. பிள்ளை என்ன கேட்டு வருகிறது என்று முடிவு செய்யுங்கள்

'என் அப்பா யார்?' என்பது சினிமாக் கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம், சொன்னதும் கதை முடிந்துவிடும். பிள்ளைக்குக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு தேவை வேண்டும். அந்தத் தேவை இருந்தால்தான் பிள்ளை மறுபடி மறுபடி தானம் கொடுத்தவனிடம் வரும். அந்தப் போக்குவரத்தில்தான் உறவு வளரும்.

ஒரு உதாரணம். பதினெட்டு வயதுப் பெண். மருத்துவமனைப் படிவத்தில் 'குடும்பத்தில் யாருக்காவது இதய நோய், சர்க்கரை உண்டா?' என்ற கட்டத்தில் அப்பா வழியை எப்போதும் காலியாகவே விட்டுவருகிறாள். சயான் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில், நாற்பதைத் தாண்டிய நம் ஆளின் முன்னால் ஒரு ஃபைலோடு வந்து நிற்கிறாள்.

"அங்கிள், உங்க வீட்டுல யாருக்காச்சும் சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்திருக்கா?"

"எனக்கு ஆபீஸ்லயே பாலிசி இருக்கும்மா."

அவள் பேனா மூடியைக் கழற்றுகிறாள். "சுகர்?"

அவளை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து அவன் பேசுகிறான். அவளோ ஜென்மக் கணக்குக் கேட்கிறாள். சிரிப்பும் வலியும் ஒரே வரியில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். 'நான் உங்கள் மகள்' என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் அவன் தன் அப்பாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

அடிக்கடி நடக்கும் தவறு: பிள்ளையைக் கோபக்காரியாகவோ அதிபுத்திசாலியாகவோ எழுதுவது. தேவை உண்மையாக இருந்தால் அவள் சாதாரணமாகப் பேசினாலே போதும்.

2. வருஷக் கணக்கைப் போடுங்கள்

பிள்ளையின் வயது முடிவானதும் தானம் நடந்த வருஷம் தானாக வந்துவிடும். அந்த வருஷம்தான் எந்தச் சட்டத்துக்குள் உங்கள் கதை நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் 2022 ஜனவரி 25-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விந்து கொடுப்பவரின் வயது 21-லிருந்து 55-க்குள் இருக்க வேண்டும். ஒருவருடைய விந்தை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் வங்கி தரலாம். வங்கி அவருடைய ஆதார் எண் வரை வாங்கி வைக்க வேண்டும். அதனால் 2023-ல் தானம் கொடுத்தவனுக்கு நூறு பிள்ளைகள் என்று எழுதினால், விவரம் தெரிந்த முதல் பார்வையாளரே எழுந்து போய்விடுவார்.

2022-க்கு முன்னால் இருந்தவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள். அவற்றுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. 2005-ல் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தவன், 2006-ல் பிறந்த பெண், 2024-ல் அவளுக்குப் பதினெட்டு. இந்தக் கணக்கு உங்களுக்கு வசதி.

வெள்ளைத் தாளில் வருஷங்களை இடமிருந்து வலமாக எழுதி, ஒவ்வொரு பாத்திரத்தின் வயதையும் கீழே குறித்துக்கொண்டே வாருங்கள். அவனுடைய கல்யாணம் எப்போது, அவனுக்குச் சொந்தப் பிள்ளை உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் தெளிவாகும்.

3. ஆய்வக நடைமுறையைச் சரியாக வையுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கே அறையையும் கப்பையும் மட்டும் பார்க்கிறார்கள். உண்மையான நடைமுறையில் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது.

மாதிரி கொடுப்பதற்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் கட்டுப்பாடாக இருக்கச் சொல்வார்கள். கொடுத்த மாதிரி இளகுவதற்குச் சுமார் அரை மணி நேரம் காத்திருந்துதான் சோதிப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ் எல்லை. தானத்துக்கு அதைவிட நன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்து மறுபடி இளக்கும்போது நிறைய அணுக்கள் செத்துவிடும். வருகிற எல்லோரையும் எடுத்துக்கொள்வதில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ் சோதனைகளும் உண்டு.

இதில் கதைக்குத் தங்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. தொற்று உடம்புக்குள் வந்த உடனே சோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் மாதிரியை உறைய வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கொடுத்தவரை மறுபடி ரத்தம் கொடுக்க அழைப்பது நெடுநாள் நடைமுறை. அவர் திரும்பி வந்து தேறினால்தான் மாதிரி வெளியே போகும்.

உங்கள் கதாநாயகனும் இரண்டாவது முறை போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை. முதல் முறை நண்பன் தூண்டினான், கைச்செலவுக்குக் காசு என்று போயிருக்கலாம். ஆறு மாதம் கழித்து எதற்குப் போனான்? அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அவன் பாத்திரம் முழுவதும் அதில் இருக்கிறது. நான் பார்த்த பிரதிகளில் இந்தக் காட்சியை யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் படத்தின் மிக முக்கியமான ஃப்ளாஷ்பேக் இதுதான்.

4. வளர்த்த அப்பாவை எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பல திரைக்கதைகள் இங்கேதான் இதயத்தை இழக்கின்றன.

எழுத வருகிறவர்கள் வளர்த்த அப்பாவை விபத்தில் கொன்றுவிடுகிறார்கள். அல்லது குடிகாரனாக்குகிறார்கள். அவர் இருந்தால் நம் ஆளுக்கு இடம் இல்லையே என்ற பயம். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தக் கதையில் எல்லாம் தெரிந்தே கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். தனக்குக் குறை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, மனைவியோடு உட்கார்ந்து பேசி, சொந்தத் தாய்க்குக்கூடச் சொல்லாமல் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மனிதர். தம்பதியின் எழுத்துபூர்வமான சம்மதம் இன்று சட்டத்திலேயே கட்டாயம்.

அவரைத் தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரராகக் கற்பனை செய்யுங்கள். மகள் யாரைத் தேடிப் போகிறாள் என்று அவருக்கு எப்போதோ தெரியும். ஒரு நாள் அந்த ஆளே வாசலில் வந்து நிற்கிறான். சண்டை வரப்போகிறது என்று பார்வையாளர் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் அவர் பட்டறை ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டு, "வாங்க தம்பி, உக்காருங்க. காப்பி குடிக்கியளா?" என்கிறார். அப்புறம் தான் வெட்டிக்கொண்டிருந்த தோலை விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்குகிறார். கை மட்டும் கோட்டை விட்டு ஒரு நூல் விலகுகிறது.

இந்த மனிதர் உயிரோடு இருந்தால் உங்கள் கதாநாயகன் எதையும் சுலபமாக வாங்கிவிட முடியாது. அதுதான் கதைக்கு நல்லது.

சட்டமும் வளர்த்தவர் பக்கம்தான். 2021 சட்டப்படி இப்படிப் பிறக்கும் பிள்ளை அந்தத் தம்பதியின் சொந்தப் பிள்ளையாகவே கருதப்படும், தானம் கொடுத்தவர் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு முன் பிறந்த பிள்ளை என்றாலும், திருமண பந்தத்தில் பிறந்தது அந்தக் கணவனின் பிள்ளையே என்பது 1872 சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் அதுவே 116-ஆம் பிரிவு. அதனால் 'பிள்ளையை என்னிடம் கொடுங்கள்' என்று கோர்ட் சீன் எழுதுவதை விட்டுவிடுங்கள்.

தனியாக வாழும் பெண் அம்மாவாக இருக்கும் கதையும் எழுதலாம். 21 வயதைத் தாண்டி 50-க்குள் இருக்கும் பெண் தனியாகவே சிகிச்சைக்குப் போக இன்றைய சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது வேறு படம், வருஷக் கணக்கையும் மாற்ற வேண்டும்.

5. செய்தி வெளியே வரும் வழியை முடிவு செய்யுங்கள்

நர்ஸ் ரகசியமாக ஃபைலைக் கொடுப்பது பழைய வழி. கொடுத்தவர், பெற்றவர் விவரங்களை மையங்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளை வளர்ந்து கேட்டால் அடையாளத்தைச் சொல்லும் ஏற்பாடும் இங்கே இல்லை. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்தவர்களின் அடையாளத்தைப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் கேட்டு வாங்கலாம். அந்த ஊர்ப் படத்தைப் பார்த்து அப்படியே இங்கே எழுதினால் ஒட்டாது.

நம்பும்படியான வழி, எச்சிலை அனுப்பினால் மரபணுவை வைத்து உறவினர்களைக் காட்டும் டி.என்.ஏ. தளம். பெண் எச்சில் கொடுத்தால் போதும், நம் ஆள் கொடுக்கவே வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் அவனுடைய அண்ணன் மகன் விளையாட்டாகக் கொடுத்திருந்தால் போதும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்குள் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு மரபணு ஒத்துப்போகும். தளம் 'நெருங்கிய உறவு' என்று காட்டும், பெண் அங்கிருந்து குடும்ப மரத்தை ஏறி இறங்கித் தேடுவாள். அந்தத் தேடலே பத்து நிமிஷம் சுவாரசியமாக ஓடும்.

ரத்த வகையை வைத்து ரகசியம் உடைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அப்பாவும் அம்மாவும் ஓ வகை, பிள்ளை பி வகை என்று எழுதுவார்கள். மையங்கள் கணவரின் ரத்த வகையோடு பொருந்தும் ஆளாகப் பார்ப்பது வழக்கம் என்பதால் இது முதலிலேயே பலவீனம். அதோடு, சாதாரணச் சோதனையில் ஓ போலத் தெரியும் அபூர்வமான 'பம்பாய் ரத்த வகை' ஒன்று உண்டு, அப்படிப்பட்டவருக்கு பி வகைப் பிள்ளை பிறக்கலாம். 1952-ல் இதே ஊரில் கண்டறிந்தது அது. மும்பைக் கதையில் இதை விட்டுவிட்டு எழுதினால் கேள்வி வரும்.

6. ரகசியம் பேச இடம் தேடுங்கள்

மும்பை இங்கே வெறும் பின்னணி இல்லை, திரைக்கதையின் அமைப்பையே மாற்றுகிறது. சால் என்கிற நெருக்கமான மும்பைக் குடியிருப்பில் வீடு என்றால் ஒரே அறை. பாட்டி தரையில், தம்பி பரணில், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டி.வி. அங்கே கணவனும் மனைவியும் இந்தப் பேச்சைப் பேசவே முடியாது.

அதனால் ஒவ்வொரு ரகசியக் காட்சிக்கும் முதலில் இடத்தை எழுதுங்கள், வசனம் அப்புறம். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடை நெரிசல், செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படிகள், கடைசி லோக்கல் ரயிலில் காலியான பெட்டி. கூட்டத்தில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நம்பி உரக்கப் பேச, எதிர் சீட்டுக்காரர் இறங்கும்போது தமிழில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம். இந்த ஊர்த் தமிழருக்கு உண்மையிலேயே நடக்கிற விஷயம் இது.

பேச்சையும் பிரித்து எழுதுங்கள். பெரியவர்கள் ஊர்த் தமிழ், பிள்ளைகள் நடுவில் இந்தி, மராத்தி. எல்லோரும் சென்னைத் தமிழ் பேசினால் படம் மும்பையில் நடக்கவில்லை என்று அர்த்தம்.

7. சிரிப்பை இப்போது வையுங்கள்

ஏழாவது படிவரை காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. யார் மேல் சிரிப்பு விழக்கூடாது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பிள்ளை மேலும், குழந்தையில்லாத ஆணின் குறை மேலும் விழக்கூடாது. தியேட்டரில் அந்த நிலையில் இருக்கும் தம்பதி கட்டாயம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தலை குனியும்படி ஒரு வரிகூட வேண்டாம்.

பெரியவர்கள் மறைக்கப் படும் பாடு மேல் சிரிப்பு விழட்டும். கொடுப்பவரின் சாதி என்ன என்று ஆய்வகத்தில் விசாரிக்கிறவர்கள் உண்டு, அவர்களைத் தாராளமாக எழுதலாம். திடீரென்று அப்பா வேஷம் கட்டத் தெரியாமல், பதினெட்டு வயதுப் பெண்ணை "ரோட்டைப் பார்த்துக் கிராஸ் பண்ணும்மா" என்று கையைப் பிடித்து இழுக்கிறவனை எழுதலாம்.

ஒரே ஆளின் இரண்டு பிள்ளைகள் தெரியாமல் காதலிப்பது வேண்டாம். நகைச்சுவைப் படம் அந்த இடத்திலிருந்து திரும்பி வரவே வராது.

8. எண்ணிக்கையைக் கடைசியாக முடிவு செய்யுங்கள்

நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்பது வெளிநாட்டில் உண்மையாகவே நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தந்தை என்று கருதப்பட்ட ஒருவர் இனிமேல் கொடுக்கக் கூடாது என்று 2023-ல் ஹேக் நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் உங்கள் படத்துக்கு மூன்று பிள்ளைகள் போதும். மூன்று பேர் என்றால் ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் நாம் போக முடியும்.

படப்பிடிப்புக் காரணமும் இருக்கிறது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். எழுதும்போது ஒரு வரியில் 'நாற்பது குழந்தைகள் ஓடி வருகிறார்கள்' என்று போட்டுவிடலாம், தயாரிப்பாளர் அதைக் கணக்குப் போட்டுத்தான் படிப்பார்.

9. இன்டர்வெல் பிளாக், முடிவு

'அவள் என் மகள்' என்று அவனுக்குத் தெரிவதை இன்டர்வெல்லுக்கு வைக்காதீர்கள், அதைப் பார்வையாளர் போஸ்டரிலேயே பார்த்துவிட்டார். வளர்த்த அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பது நமக்குத் தெரியும் இடமே இன்டர்வெல்.

முடிவில் முதல் படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பிள்ளை கேட்டு வந்தது கிடைத்ததா? மருத்துவப் படிவம் நிரம்பியதா? அது நிரம்பினால் கட்டிப்பிடித்து அழும் காட்சி தேவைப்படாது. அவன் 'அப்பா' என்ற பட்டத்தோடு வெளியே வரக் கூடாது என்பது என் திடமான எண்ணம். அந்தப் பட்டம் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது.

10. பதிவு செய்துவிட்டு நரேஷனுக்கு (தயாரிப்பாளரிடம் கதை சொல்ல) போங்கள்

கதைக் கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதே கருவில் நீங்கள் தாராளமாக எழுதலாம், ஆனால் வந்த படங்களின் காட்சிகளை எடுத்தால் ரீமேக் உரிமை வாங்க வேண்டும். உங்கள் ஒன்லைனை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் உங்களுக்கும் பாதுகாப்பு இல்லை. பவுண்ட் ஸ்கிரிப்டையே, அதாவது வசனத்தோடு முழுதாக எழுதி முடித்த பிரதியையே, பதிவு செய்யுங்கள். மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினராகி ஆன்லைனிலேயே செய்யலாம்.

சென்சார் சான்றிதழையும் இப்போதே யோசியுங்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆய்வக அறை ஜோக்கைக் கூட்டினால் சான்றிதழ் மேலே போகும், குடும்பமாக வருகிறவர்கள் குறைவார்கள். தயாரிப்பாளர் இதைக் கட்டாயம் கேட்பார்.

நரேஷனைத் தானத்தில் தொடங்காமல் டீக்கடையில் தொடங்குங்கள். 'பிள்ளைகள் எண்ணிக்கையைக் கூட்டலாமே' என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். எட்டாம் படியில் சொன்ன குழந்தைகளின் படப்பிடிப்பு நேரக் கணக்கைத் தனித் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள், அப்படிக் கேட்டால் அதை நீட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடலாம்.